சின்னவளின் சின்ன எழுத்துகள்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் ஓரகத்திகள் யாராவது இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்வது லேசில் நடக்கிற காரியமில்லை. நானும் அவளை லேசில் மெச்சிவிடவில்லை.

மூத்த மருமகள் என்பதால் வீட்டில் எனக்குப் பெரியவள் என்று பேர். என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். நான் ட்ரைகிளீனிங் கடை வைத்திருக்கிறேன். கோட்டு, கம்பளி, திரைச்சீலை என்று தண்ணீரில் நனைக்கக் கூடாததையெல்லாம் கொண்டுவந்து போடுவார்கள். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. டாக்டர்கள் காகிதத்தில் எழுதித் தருகிற கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி புரோகிராமாக எழுதித் தர வேண்டும்.

வந்த புதிதில் அவள் எண்ணுகிற விதமே எங்களுக்குப் பிடிபடவில்லை. எதையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பாள். அலமாரியில் மூன்றாவது தட்டு என்று அவள் சொன்னால், நாங்கள் நான்காவது தட்டில் தேட வேண்டும். கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணுமாம், பழகிவிட்டதாம். கொஞ்ச நாளில் அது வீட்டில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "சாவியை மூணாவது கொக்கியில மாட்டியிருக்கேன்" என்பாள். "உங்க மூணா, எங்க மூணா?" என்று நாலு அறைகளிலிருந்தும் குரல் வரும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போயிருந்தபோது, சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் பேர் எழுதி ஒட்டிவைத்துவிட்டாள். பேர் என்றால் பேர் இல்லை. ஒரே ஒரு எழுத்து, அதன் காலடியில் எறும்பு மாதிரி ஒரு சின்ன எண். 'ச' எழுதிக் கீழே ஒன்று போட்டால் சர்க்கரை. 'ச' எழுதிக் கீழே இரண்டு போட்டால் சலவைச் சோடா. மறுநாள் காலையில் கண்ணாடி போடாமல் காபி கலந்தேன். கொழுந்தனார் முதல் வாயிலேயே வாஷ்பேசினுக்கு ஓடினார்.

"ஏண்டி, சர்க்கரைன்னு முழுசா எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று கத்தினேன்.

"கணக்குல இப்படித்தான் அக்கா எழுதுவோம். பார்க்க எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள்.

அழகாம். அன்றைக்கே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, கொட்டை எழுத்தில் சர்க்கரை, உப்பு, சோடா என்று எழுதி ஒட்டினேன். அவள் பக்கத்தில் நின்று, ஏதோ நகையை அடகு வைக்கக் கொடுக்கிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் கோபமெல்லாம் தணிந்து, அப்படி என்னதான் அழகைக் கண்டாய் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். "எழுத்து ஒண்ணுதான் அக்கா. ஆனா காலடியில ஒரு நம்பர் போட்டா, ஊர்ல இருக்கற அத்தனை பேரும் அந்த ஒரு எழுத்துக்குள்ள வந்துடுவாங்க. ரெண்டு நம்பர் போட்டா யாருக்கும் யாருக்கும் என்ன தொடர்புன்னே எழுதிடலாம்." கம்ப்யூட்டரில் எல்லா எழுத்தும் ஒரே உயரமாம். காலடியில் எழுத இடமே கிடையாதாம். அதனால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுர அடைப்பைப் போட்டு, அந்த எண்ணை அதற்குள் உட்கார வைக்க வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் வாடிப்போனது. பெரிய இடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சத்திரத்தில் படுக்க வைத்த மாதிரி ஒரு வருத்தம். அதனால் பேரையாவது காகிதத்தில் இருக்கிறபடியே வைத்துக்கொள்வேன் என்றாள். ஐ, ஜே என்று ஒற்றை எழுத்துகள். நீளமாகப் பேர் வைத்தால் கணக்கின் உருவமே தெரியாமல் போய்விடுமாம்.

எனக்கு அவளிடம் வேலை ஆக வேண்டியிருந்ததும் உண்மைதான். என் கடையில் துணி மாட்டும் சட்டங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கொக்கிகள். எந்தக் கோட்டு எங்கே தொங்குகிறது என்று தேடியே பாதி ஆயுசு போய்க்கொண்டிருந்தது. சின்னவள் வந்து, டோக்கனில் இரண்டே எண்கள் எழுதச் சொன்னாள். முதலில் சட்டம், பிறகு கொக்கி. 'எங்க' எண்ணிக்கைப்படி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கவும் பெரிய மனது வைத்துச் சம்மதித்தாள். கடை அடியோடு மாறிப்போனது.

ஆனால் என்னிடம் இஸ்திரி போடுகிறவருக்கு எதையும் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதே வழக்கம். அவர் முதல் எண்ணைக் கொக்கி என்றும் இரண்டாவதைச் சட்டம் என்றும் வைத்துக்கொண்டார். துக்க வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு யாரோ ஒருவருடைய சிவப்புக் கோட்டை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் அவரை வறுத்தெடுத்தேன். சின்னவளோ சட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டும் பன்னெண்டு பன்னெண்டா இருக்கறதுதான் அக்கா வம்பு. கொக்கி மட்டும் எட்டு இருந்திருந்தா, பத்தாவது கொக்கியைத் தேடிப் போனவர் இல்லையேன்னு திரும்பி வந்திருப்பார். இங்க மாத்திப் படிச்சாலும் அந்த இடத்துல ஒரு கொக்கி இருக்கு, ஒரு கோட்டும் தொங்குது. தப்புன்னு யாருக்கும் தோணாது" என்றாள்.

மறுநாளே கொக்கி எண்களுக்குப் பதில் எழுத்துகள் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கோட்டு மாறவில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர்கள் சொன்னது அதற்கு அடுத்த வருஷம். டயாலிசிஸ், கட்டிலும் நாற்காலியுமாக ஒரு வாழ்க்கை. கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் அடைத்துக்கொண்டு வந்தது. இனி ஊசி குத்த இடம் தேடுவதே கஷ்டம், மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் கிடைத்தாக வேண்டும் என்றார்கள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரத்த வகை ஒன்றுதான். ஆனால் சோதித்துப் பார்த்ததில் அவர் உடம்பு என்னுடையதை ஏற்காது என்று தெரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது, இது ஒத்துக்கொள்ள! இப்படிச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்ற ஜோடிகளுக்கு ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். தங்களுக்குள் ஒத்துப்போகாத இரண்டு ஜோடிகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். யாருடையது யாருக்குச் சரிப்படும் என்று நூற்றுக்கணக்கான கட்டங்களில் தேடிச் சொல்வது ஒரு புரோகிராம். அதை எழுதியவள் எங்கள் வீட்டுச் சின்னவள்.

எங்கள் பேர் அதில் சேர்ந்த அன்றே அவள் பெரிய டாக்டரம்மாவிடம் போய், "என் கணவரோட அண்ணன் இதுல இருக்கார் மேடம். அவர் விஷயம் முடியற வரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து மேஜைக்காரர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான். நம் வீட்டு ஆள் உள்ளே இருந்தும் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையே என்று இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு ஜோடியாகத் தேடியதில் எங்களுக்கு யாரும் அகப்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி முதல்முறையாக மூன்று ஜோடிகளைச் சுற்றாக இணைத்து ஆபரேஷன் செய்யத் தீர்மானித்திருந்தது. உடனே ஒரு சுற்று கிடைத்தது. என்னுடையது ஒரு பஸ் டிரைவருக்கு. டிரைவரின் தங்கையுடையது ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு. டீச்சரின் கணவருடையது என் கணவருக்கு. ஆறு பேருக்கும் ஒரே இரத்த வகை. நாங்கள் ஆறு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து, சம்பந்தி வீட்டார் மாதிரி ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். டிரைவர் என்னைப் பார்த்து, "உங்க கிட்னி வந்துட்டா எனக்கும் உங்க வாய் வந்துடுமாம்மா?" என்று கேட்டார். வந்தால் பஸ்ஸில் ஒருத்தரும் ஏற மாட்டார்கள் என்று அவர் தங்கை சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. வாங்குபவரின் இரத்தத்தையும் கொடுப்பவரின் அணுக்களையும் ஒரு குழாயில் கலந்து பார்ப்பார்கள். உள்ளே சண்டை வந்தால் ஆபரேஷன் இல்லை.

மூன்று குழாயிலும் சண்டை வந்தது.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, மெதுவாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். சில சமயம் இப்படி ஆகிவிடும், இந்தச் சுற்றை விட்டுவிட வேண்டியதுதான், அடுத்தது அமையும்வரை காத்திருங்கள் என்றார். காத்திருக்க என் கணவரின் கையில் நரம்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டீச்சர் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தார். விஷயம் கேட்டு ஓடிவந்த சின்னவளிடம் நான் சொன்னேன்.

"மூணுமா அக்கா?" என்றாள்.

"மூணும்தான். எங்க மூணு."

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு ஒத்துக்காம போகலாம். ரெண்டுகூடப் போகலாம். மூணுமேவா?" என்று இன்னொரு முறை கேட்டாள். என் தோளைத் தொட்டு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். திரும்பி விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கணவரை மாமனாரிடம் விட்டுவிட்டு அவள் பின்னாலேயே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனேன்.

அங்கே அவள் திரையில் எதையோ வேக வேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரரும் குனிந்து நின்றார். எட்டிப் பார்த்தால் எல்லாம் போன வருஷத்து ஆட்கள், முந்தின வருஷத்து ஆட்கள்.

"அங்க உன் மாமா உசுருக்குப் போராடறார். நீ இங்க ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்களைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியா?" என்று கத்தினேன். அந்த அறையே திரும்பிப் பார்த்தது.

"ஒரு நிமிஷம் அக்கா. இவங்களுக்கெல்லாம் சரியானதைத்தான் கொடுத்தோமான்னு முதல்ல தெரியணும். நான் தப்பு பண்ணியிருக்கேன்னு நினைக்கறேன்."

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி ஆளையும் பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"எல்லாரும் சரி. ரெண்டு பேரா மாத்திக்கும்போது ஒண்ணும் ஆகலை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க கடைக் கொக்கிதான் அக்கா இதுவும்."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். யாருடையது யாருக்குச் சரிப்படும் என்ற சோதனை முடிவுகள் லேபிலிருந்து ஒரு பெரிய சதுரமாக வரும். ஜோடிக்கு ஒரு கொடுப்பவர், ஒரு வாங்குபவர் என்பதால் நீளமும் அகலமும் ஒன்றேதான். அவளுடைய கணக்கில் எழுத்தின் காலடியில் இரண்டு குறிகள். ஐ முதலில், ஜே பிறகு. முதலில் கொடுப்பவர், பிறகு வாங்குபவர் என்று அவள் மனதில் வைத்திருந்தாள். லேப்காரர்கள் நோயாளியை வைத்துத்தான் யோசிப்பார்கள். அவர்கள் அனுப்பிய சதுரத்தில் முதலில் வாங்குபவர், பிறகு கொடுப்பவர். ஐ என்றும் ஜே என்றும் மொட்டையாக எழுதியிருந்ததால் யார் யார் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும்போது நான் உனக்கு, நீ எனக்கு. அதை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதனால் அத்தனை வருஷமும் தப்பு வெளியே தெரியவில்லை. மூன்று பேர் சுற்றாக நின்றால் கதை வேறு. வலப்பக்கமாகக் கொடுக்க வேண்டியதை இடப்பக்கமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது புரோகிராம்.

"அப்ப திருப்பிச் சுத்தினா?" என்றேன்.

"சரியா வரணும். ஆனா அதை நான் சொல்லக் கூடாது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்கு நியாயம் அநியாயம் எதுவும் தெரியவில்லை. "தப்பு கிப்புன்னு எதுக்குச் சொல்றே? மறுபடியும் ஒரு தடவை தேடினோம், வேற மாதிரி வந்துதுன்னு சொல்லிடு. உன் வேலைக்கும் ஆபத்து இல்லை, மாமாவுக்கும் கிடைச்சுடும்" என்றேன்.

"தப்புன்னு சொன்னாத்தான் அக்கா வேற யாராவது சரிபார்ப்பாங்க. என் வார்த்தையை மட்டும் நம்பி மாமாவை அந்த மேஜையில படுக்க வைக்க எனக்கே தைரியம் இல்லை" என்றாள். எழுந்து தலையைச் சரிசெய்துகொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். நானும் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். முகம் சிவந்துவிட்டது. "உங்க கணவரோட அண்ணனுக்கு ஒத்துவரலைன்னதும் புரோகிராமே தப்புன்னு வந்து நிக்கறீங்க. தப்பைச் சரிபண்ணினா அவருக்கே கிடைக்கும்னு வேற சொல்றீங்க. உங்க இடத்துல நான் இருந்து, என் இடத்துல நீங்க இருந்தா நம்புவீங்களா?"

"நம்ப மாட்டேன் மேடம்" என்றாள் சின்னவள், யோசிக்கவே யோசிக்காமல். "அதனால நீங்களும் நம்ப வேண்டாம். லேப் முடிவுகளைப் பேர் எடுத்துட்டு வெறும் நம்பரா என் பக்கத்து மேஜைக்காரர்கிட்ட கொடுங்க. முதல்ல யார், பிறகு யார்னு லேப்லயே கேட்டுட்டு, என் புரோகிராமைப் பார்க்காம அவரே புதுசா எழுதட்டும். அது வரைக்கும் நான் வராந்தாவுல உட்கார்ந்திருக்கேன். எழுதினது நான்தான், தப்பு என்னுதுதான். அதை எங்க எழுதித் தரணுமோ தரேன்."

டாக்டரம்மா பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார்.

அன்று மதியம் முழுக்க அவள் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விரலால் தன் முழங்காலில் ஒரு எழுத்தும், அதன் காலடியில் இரண்டு புள்ளிகளும் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

பக்கத்து மேஜைக்காரர் எழுதியதில் அதே மூன்று ஜோடிகள் வந்தன, சுற்று மட்டும் மறுபக்கமாக. என்னுடையது டீச்சருக்கு. டீச்சரின் கணவருடையது டிரைவருக்கு. டிரைவரின் தங்கையுடையது என் கணவருக்கு. மறுபடியும் ஆறு பேரும் கையை நீட்டினோம், மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா தானே வராந்தாவுக்கு வந்து சொன்னார். மூன்று குழாயிலும் சண்டை இல்லை. டிரைவர் என்னைப் பார்த்து, "உங்க வாய்க்கு டீச்சர்தான் பொருத்தம்மா, நான் தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

சின்னவளைச் சும்மா விடவில்லை. எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அந்தப் புரோகிராமின் பொறுப்பிலிருந்து கொஞ்ச காலம் இறக்கி வைத்தார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்காக நான் பேசப் போகிறேன் என்று கிளம்பினேன். போனால் வீட்டுக்கு வர மாட்டேன் என்று மிரட்டி உட்கார வைத்தாள். பொறுப்பு திரும்ப அவள் கைக்கு வந்தபோது என் கணவர் மாடிப்படி ஏற ஆரம்பித்திருந்தார்.

வந்ததும் அவள் செய்த முதல் வேலை, பேர் மாற்றுவது. ஒருநாள் மாலை கடைக்கு மடிக்கணினியோடு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து காட்டினாள். ஐயும் இல்லை, ஜேயும் இல்லை. சதுர அடைப்புக்குள் எங்கே பார்த்தாலும் முழு வார்த்தை: கொடுப்பவர், பெறுபவர், கொடுப்பவர், பெறுபவர். என் சர்க்கரை டப்பா மாதிரி, கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

"உன் அழகெல்லாம் போச்சேடி" என்றேன்.

"போகட்டும் அக்கா. காகிதத்துல இருக்கு இல்லையா, அங்கேயே இருக்கட்டும்" என்றாள். பிறகு திரையை மேலே தள்ளினாள். "இதைப் பாருங்க."

புரோகிராம் தினமும் காலையில் வேலையை ஆரம்பிக்கும் முன்னால், நிஜமான நோயாளிகளைத் தேடுவதற்கும் முன்னால், தன்னைத் தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளுமாம். அதற்காக மூன்றே மூன்று ஜோடிகளை அவள் உள்ளே வைத்திருந்தாள். அந்தச் சுற்று ஒரே பக்கமாகத்தான் போகும். மறுபக்கமாக வந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும், யாருக்கும் எதுவும் சொல்லாது. அந்த மூன்று ஜோடிகளின் பேரையும் அவள் முழுசாக எழுதியிருந்தாள். டிரைவர், தங்கை. டீச்சர், டீச்சரின் கணவர். எல்லாருக்கும் மேல் வரியில் பெரியவள், மாமா.

"டிரைவர்கிட்டயும் டீச்சர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போட்டேன். உங்ககிட்ட மட்டும்தான் கேக்கலை" என்றாள்.

நான் அந்த எழுத்துகளையே பார்த்தேன். என் பேருக்குப் பக்கத்து அடைப்பில் ஒரு பூஜ்யம் இருந்தது.

"எல்லாம் சரி. என்னை எதுக்குப் பூஜ்யம் ஆக்கினே?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"எங்க கணக்குல முதல் ஆள் அதுதானே அக்கா. தினமும் காலையில முதல்ல நீங்கதான் கொடுக்கறீங்க" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்லா மேஜையைச் சுற்றி வந்து, வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், என் ஓரகத்தியைக் கட்டிக்கொண்டேன். இஸ்திரி போடுகிறவர் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டு கருகிவிடப் போகிறது என்று அவரை அங்கிருந்தே அதட்டினேன்.